திருச்சி வானில் வட்டமடித்த விமானம்: அதே கோளாறு வீட்டு சிமுலேட்டரில் வந்தால் என்ன செய்வது?

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். மாலை 5.40 மணியளவில் திருச்சியில் இருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பியது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் ஐஎக்ஸ் 613 விமானம். உள்ளே சுமார் 140 பயணிகள். மேலே ஏறிய கொஞ்ச நேரத்திலேயே ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு. விமானம் ஷார்ஜா பக்கமும் போகவில்லை, உடனே இறங்கவும் இல்லை. திருச்சி, புதுக்கோட்டை வானில் சுமார் இரண்டரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தது.

தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி என்று டெல்டா முழுக்க வளைகுடா நாட்டுக்கு ஆள் போகாத தெரு குறைவு. அத்தனை பேருக்கும் வாசல் திருச்சி விமான நிலையம்தான். அன்றைக்கு விமானப் பாதையைக் காட்டும் செயலியைத் திறந்து, ஒரே இடத்தில் வட்டம் போடும் அந்தச் சின்ன மஞ்சள் விமானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஏராளம். 'சக்கரம் இறங்கல', 'வயித்தாலதான் இறங்கப் போகுதாம்' என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் பறந்தன. ஓடுபாதை அருகே ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் வரிசை கட்டின. இரவு 8.15 மணியளவில் விமானம் வழக்கம்போலச் சக்கரங்களில் இறங்கி நின்றது. யாருக்கும் காயமில்லை.

அந்த விமானம் போயிங் 737-800 வகை. அதே வகை விமானத்தை இன்று வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஓட்டலாம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்கும் பிஎம்டிஜி நிறுவனத்தின் 737 இருக்கிறது. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டருக்கு 'ஸிபோ' என்ற பெயரில் இலவசமாகவே 737-800 கிடைக்கிறது. இவை வெறும் கேம் இல்லை. காக்பிட்டில் இருக்கும் பெரும்பாலான சுவிட்சுகள் வேலை செய்யும், நிஜ விமானத்தில் வரும் கோளாறுகளை நாமே வரவழைக்கலாம். இதை வாங்கி ஓட்டத் தொடங்கியவர்கள் கேட்கும் கேள்விகளும், அன்றைக்கு உறவினர்கள் கேட்ட கேள்விகளும் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒன்றாகவே இருக்கின்றன.

ஹைட்ராலிக்னா என்ன?

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். குறுவை அறுவடைக்கு வரும் மெஷினின் முன்பக்கக் கத்தி மேலும் கீழும் போகிறதே, அது ஹைட்ராலிக். ஜேசிபியின் கை மடங்கி நீள்வதும் ஹைட்ராலிக். குழாய்க்குள் எண்ணெயை அழுத்தத்தில் வைத்து, அந்த அழுத்தத்தால் கனமான பொருளைத் தள்ளுவது. ஓஸ் வெடித்து எண்ணெய் ஒழுகினால் மெஷின் வயலிலேயே நின்றுவிடும்.

விமானத்தில் நின்றுவிட முடியாது. அதனால் 737-இல் ஒன்றுக்கு மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள்: ஏ, பி, கூடவே ஒரு அவசரக்கால அமைப்பு. வழக்கமான அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு சுமார் 3,000 பவுண்டு. உள்ளே ஓடுவது சாதாரண ஆயில் அல்ல, எளிதில் தீப்பிடிக்காத ஊதா நிறத் திரவம்.

ஏ, பி இரண்டுக்கும் தலா இரண்டு பம்ப். ஒன்றை விமான இன்ஜின் சுற்றும், இன்னொன்று மின்சார மோட்டாரில் ஓடும். கரண்ட் போனால் டீசல் இன்ஜின் என்று ஒரே போருக்கு இரண்டு ஏற்பாடு வைத்திருக்கும் விவசாயிக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

இதில் சிமுலேட்டர்காரர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. காக்பிட்டின் மேல் பலகையில் நான்கு பம்ப் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும்: இன்ஜின் 1, எலக்ட்ரிக் 2, எலக்ட்ரிக் 1, இன்ஜின் 2. நடுவில் எண்கள் மாறிப் போய் அச்சாகிவிட்டது, புரோகிராமில் தப்பு என்று புகார் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தப்பில்லை. நிஜ விமானத்திலும் அப்படித்தான். ஏ அமைப்பின் மின்சார பம்புக்குக் கரண்ட் வருவது இரண்டாவது இன்ஜினின் ஜெனரேட்டரில் இருந்து, பி அமைப்பின் பம்புக்கு முதல் இன்ஜினில் இருந்து. வேண்டுமென்றே குறுக்காகப் போட்டிருக்கிறார்கள். ஒரு இன்ஜின் நின்றுபோனாலும் ஏ-விலும் ஒரு பம்ப் ஓடும், பி-யிலும் ஒரு பம்ப் ஓடும்.

இன்னொரு புகார்: 'விமானத்தை லோட் பண்ணதும் ஹைட்ராலிக் பகுதியில எல்லா விளக்கும் மஞ்சளா எரியுது.' இன்ஜின் ஓடாமல் தரையில் நிற்கும்போது பம்பில் அழுத்தம் இருக்காது, குறைந்த அழுத்த விளக்கு எரியத்தான் வேண்டும். மின்சார பம்புகளைப் போட்டால் நடு இரண்டும் அணையும், இன்ஜின்கள் ஓடத் தொடங்கியதும் ஓரத்து இரண்டும் அணையும். பறக்கும்போது எரிந்தால் மட்டும்தான் பிரச்சினை.

ஏ போனா என்ன, பி போனா என்ன?

ஹைட்ராலிக் கோளாறு என்றதும் விமானமே கையை விட்டுப் போய்விட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. எந்த அமைப்பு போனது என்பதைப் பொறுத்தே எல்லாம்.

சக்கரங்களை ஏற்றி இறக்குவது ஏ அமைப்பின் வேலை. முன் சக்கரத்தைத் திருப்புவது, முதல் இன்ஜினின் பின்னோக்கு உந்துவிசை, முதல் ஆட்டோபைலட் ஆகியவையும் அதன் பொறுப்பு. பி அமைப்பில் வழக்கமான பிரேக், இறக்கையின் முன்னும் பின்னும் நீளும் மடிப்புகள் எனப்படும் ஃபிளாப், இரண்டாவது ஆட்டோபைலட். விமானத்தைச் சாய்ப்பதும் மூக்கைத் தூக்குவதும் இறக்குவதும் இரண்டு அமைப்புகளிலும் உண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும். இரண்டுமே போனால்கூட, பைலட்டின் கைப்பிடியில் இருந்து போகும் கம்பி வழியாக இந்த இரண்டையும் ஆட்ட முடியும். கை வலிக்கும், அவ்வளவு கனம். ஆனாலும் முடியும்.

ஏ போனால் சக்கரம் எப்படி இறங்கும்? இதுதான் அன்றைக்கு எல்லார் வாயிலும் இருந்த கேள்வி. காக்பிட் தரையில் ஒரு சின்ன மூடி இருக்கிறது. திறந்தால் மூன்று கைப்பிடிகள்: இடது, முன், வலது. ஒவ்வொன்றையும் இழுத்தால் அந்தந்தச் சக்கரத்தின் பூட்டு விடுபடும். பிறகு சக்கரம் தன் எடையாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். பம்பும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், புவியீர்ப்பு போதும். ஹைட்ராலிக் பழுது என்றாலே வயிற்றால்தான் இறங்க வேண்டும் என்ற பேச்சு இதனால்தான் பொருந்தாதது.

இந்த மூடியே சிமுலேட்டரில் வேறொரு தலைவலிக்குக் காரணம். 'டேக் ஆஃப் ஆயிடுச்சு, லீவரைத் தூக்கினேன், கியர் மேல போகவே மாட்டேங்குது' என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த மூடி திறந்து கிடக்கிறதா என்பதைத்தான். 737-இல் மூடி திறந்திருந்தால் சக்கரம் மேலே ஏறாது. முந்தின நாள் ஆர்வத்தில் திறந்து பார்த்துவிட்டு, அதே நிலையில் சேமித்து வைத்திருப்பார்கள்.

பி போனால் கதை வேறு. ஃபிளாப்பை ஹைட்ராலிக் இல்லாமல் மின்சார மோட்டாரில் மெதுவாக நீட்ட வேண்டும். கடைசி வரை நீட்டாமல் 15-லேயே நிறுத்தித் தரையிறங்குவதுதான் வழிமுறை. ஃபிளாப் குறைந்தால் இறங்கும் வேகம் கூடும், வேகம் கூடினால் நிற்க அதிக தூரம் வேண்டும். திருச்சி ஓடுபாதையின் நீளம் சுமார் 8,100 அடி. பழுதில்லாத 737-க்கு அது தாராளம். பிரேக்கிலோ ஃபிளாப்பிலோ குறை இருக்கும் கனமான 737-க்கு ஒவ்வொரு அடியும் கணக்கு.

அப்போ ஏன் இரண்டரை மணி நேரம்?

விடை எடையில் இருக்கிறது. 737-800 அதிகபட்சம் சுமார் 79 டன் எடையோடு கிளம்பலாம். இறங்கும்போது சுமார் 66 டன்னுக்குள் இருக்க வேண்டும். ஷார்ஜா வரை போக நிரப்பிய எரிபொருள் முழுதும் தொட்டியில் இருந்தது. சில பெரிய விமானங்களில் எரிபொருளை வானிலேயே வெளியேற்றும் வசதி உண்டு. 737-இல் அது கிடையாது. எரித்துத்தான் குறைக்க வேண்டும். மணிக்கு ஏறத்தாழ இரண்டரை டன் எரியும் விமானத்துக்கு இது பொறுமையான வேலை.

விமானத்தில் தீ என்றால் எடையைப் பார்க்காமல் உடனே இறக்கிவிடுவார்கள், அதற்கும் அனுமதி உண்டு. பறப்பதில் சிக்கல் இல்லை, இறங்குவதில்தான் சிக்கல் என்றால் நேரம் எடுத்துக்கொள்வதே சரி. ஓடுபாதை நீளத்தைக் கருதி எரிபொருளையும் எடையையும் குறைக்கத்தான் வட்டமடித்ததாக ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அப்போது விளக்கியது. பைலட்டுகள் அவசரநிலை அறிவிக்கவில்லை என்றும் அந்த நிறுவனம் சொன்னது. தரையில் அவசரநிலை ஏற்பாடுகள் எல்லாம் நடந்தன என்பதும் உண்மை. தரையில் இருப்பவர்கள் ஆகக் கெட்டதை எதிர்பார்த்துத் தயாராவார்கள், பயத்தை ஏற்றியதில் அந்தக் காட்சிகளுக்கும் பங்கு உண்டு.

இதே வட்டத்தை சிமுலேட்டரில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வருகிறது: ஒரு மணி நேரம் சுற்றியும் எரிபொருள் குறையவே இல்லை. விமானத்தில் கோளாறு இல்லை. சிமுலேட்டரின் உதவி அமைப்புகளில் 'அளவில்லா எரிபொருள்' என்ற தேர்வு போடப்பட்டிருக்கும், அதை அணைக்க வேண்டும். அதே பக்கத்தில் ரடரைத் தானாக ஆட்டும் உதவி, தானாக டிரிம் செய்யும் உதவி என்று புதியவர்களுக்கான சலுகைகள் இருக்கும். 737 போன்ற நுணுக்கமான மாடலோடு அவை மல்லுக்கு நிற்கும். எல்லாவற்றையும் அணைத்துவிடுவது நல்லது.

பிரச்சினை விமானத்துலயா, கம்ப்யூட்டர்லயா?

சிமுலேட்டரில் எதுவும் வேலை செய்யாதபோது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. நிஜ விமானம் இந்த நிலையில் என்ன செய்யும்? நிஜத்திலும் இப்படித்தான் என்றால் அது விமானத்தின் குணம், கையேட்டைப் படிக்க வேண்டும். நிஜத்தில் இப்படி நடக்காது என்றால் கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும்.

'இன்ஜின் ஸ்டார்ட் ஆகல' என்பது முதல் வகை. 737 இன்ஜினைச் சுழற்றிவிடுவது காற்றழுத்தம். வாலில் இருக்கும் ஏபியு என்ற சிறு இன்ஜின் அந்தக் காற்றைத் தரும். ஏபியு ஓடினால் மட்டும் போதாது, அதன் காற்று வால்வைத் திறக்க வேண்டும். குளிர்சாதனத்துக்குப் போகும் காற்றை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜினுக்கு அழுத்தம் போதாது. எரிபொருள் பம்ப் போட்டிருக்க வேண்டும். இன்ஜினின் உள் சுழற்சி 25 சதவீதம் வந்த பிறகே எரிபொருள் நெம்புகோலைத் தூக்க வேண்டும். மே மாத வெயிலில் விமானம் கிளம்பும்போது ஏசி திடீரென்று நின்று, பயணிகள் எல்லாம் கையில் கிடைத்த அட்டையால் விசிறிக்கொள்வார்களே, அதன் காரணமும் இதுதான்.

வழிகாட்டும் ஜைரோ அமைப்பு தயாராக நேரம் எடுப்பதும் இதே வகை. பூமி சுழல்வதை உணர்ந்தே அது வடக்கு எது என்று கண்டுபிடிக்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சீக்கிரம் முடியும், துருவம் நோக்கிப் போகப் போக நேரம் கூடும். 11 டிகிரி அட்சரேகைக்குச் சற்றுக் கீழே இருக்கும் திருச்சியில் ஐரோப்பாவைவிட வேகமாகவே வேலை முடியும். ஆனால் அது முடிவதற்குள் விமானத்தை நகர்த்தினால் மறுபடி முதலில் இருந்துதான்.

'ஆட்டோபைலட் போட்டா உடனே விட்டுடுது' என்பது பெரும்பாலும் இரண்டாம் வகை. கைப்பிடியில் அழுத்தம் இருந்தால் 737-இன் ஆட்டோபைலட் இணையாது. விலை குறைந்த அல்லது பழைய ஜாய்ஸ்டிக் யாரும் தொடாமலேயே சின்னச் சின்ன அசைவுகளை அனுப்பிக்கொண்டிருக்கும், பைலட் கைப்பிடியைத் திருப்புகிறார் என்று விமானம் நினைத்துக்கொள்ளும். அமைப்புகளில் போய் நடுப்பகுதியில் கொஞ்சம் அசைவைக் கண்டுகொள்ளாதபடி வைத்தால் சரியாகும்.

ஃபிளாப் தானாக நீளுகிறது, பிரேக் விடவே மாட்டேன் என்கிறது என்பதும் அப்படியே. ஜாய்ஸ்டிக், கீபோர்டு, கேம் கண்ட்ரோலர் என்று மூன்றும் செருகியிருக்கும். ஒரே வேலை இரண்டு கருவிகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். இரண்டு பேர் ஒரே மதகைத் தூக்கவும் இறக்கவும் செய்தால் என்ன ஆகும்? தேவையில்லாததைக் கழற்றிவிட வேண்டும்.

நேற்று வரை ஓடியது, சிமுலேட்டர் அப்டேட் வந்த பிறகு திரை கருப்பாகிவிட்டது என்றால் விமானத்தைத் திட்டுவதற்கு முன் ஒரு சோதனை. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் வெளி மாடல்கள் எல்லாம் 'கம்யூனிட்டி' என்ற ஃபோல்டரில் இருக்கும். அதிலுள்ள அனைத்தையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, 737-ஐ மட்டும் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடினால் குற்றவாளி வேறொன்று. பாதிப் பாதியாகத் திருப்பிப் போட்டால் எது என்று பிடிபட்டுவிடும். கொஞ்சம் சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை. வழித்தடத் தகவல்கள் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பழைய தகவலோடு புதிய பாதையைப் போட்டால் விமானத்தின் கணினி 'இல்லை' என்றுதான் சொல்லும்.

விளக்கு எதுவும் எரியாவிட்டால்?

சிமுலேட்டர் பழக்கத்தில் ஒரு ஆபத்தும் உண்டு. பலகையில் மஞ்சள் விளக்கு இல்லையென்றால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை. அதே திருச்சியில் 2018 அக்டோபர் 12 அதிகாலை துபாய்க்குக் கிளம்பிய ஐஎக்ஸ் 611 அதற்குப் பதில் சொல்லும். அதுவும் 737-800. 130 பயணிகள், 6 பணியாளர்கள். ஓடுபாதை முடிவில் தாழ்வாக எழும்பி, ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலே போனது. காக்பிட்டில் அமைப்புகள் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டின. விமானம் தொடர்ந்து பறந்தது, பிறகு மும்பைக்குத் திருப்பி இறக்கப்பட்டது. வயிற்றுப் பகுதியில் இருந்த சேதம் தரையிறங்கிய பிறகே தெரிந்தது. ஓடுபாதையில் ஓடும்போது இன்ஜின் உந்துவிசை தற்செயலாகக் குறைந்துபோனதை விசாரணை கண்டறிந்தது. அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும் விளக்குகளுக்குச் சுவர் இடிந்தது தெரியாது.

திருட்டுக் காப்பி வேண்டாமே

நுணுக்கமான மாடல்களின் விலை பல ஆயிரம் ரூபாய். அதனால் 'கிராக்' செய்த காப்பிகளைத் தேடுபவர்கள் உண்டு. வெளியாட்கள் தயாரித்த நிறுவல் கோப்பு எதையும் செய்ய முடியும். நிறுவனங்களே எல்லை மீறியதும் நடந்திருக்கிறது. 2018 பிப்ரவரியில் ஃப்ளைட்சிம்லேப்ஸ் என்ற நிறுவனத்தின் ஏ320 மாடலோடு, குரோம் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை எடுக்கும் சிறு புரோகிராம் ஒன்றும் சேர்ந்தே வருவதைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். திருட்டுக் காப்பிக்காரர்களைப் பிடிக்கத்தான் என்றது நிறுவனம். கொந்தளிப்புக்குப் பிறகு அதை நீக்கியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் கம்ப்யூட்டரிலும் அது இறங்கியிருந்ததுதான் கொடுமை. வங்கிக் கணக்கு பார்க்கும் அதே கம்ப்யூட்டரில் முகம் தெரியாத ஆளின் காப்பியை நிறுவுவது வேண்டாத வேலை. காசில்லை என்றால் எக்ஸ்-பிளேனில் ஸிபோ இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் ஃப்ளைபைவயர் குழுவின் ஏ320 இருக்கிறது. விமானங்கள் இரண்டும் இலவசம், தரமும் குறைவில்லை.

இதை ஓட்டினா பைலட் ஆகலாமா?

நேரடியாக இல்லை. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறக்கும் அனுபவம் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து ஓட்டிய நேரத்தில் ஒரு நிமிடம்கூட அதில் சேராது. விமான நிறுவனங்களின் பைலட்டுகள் குறிப்பிட்ட இடைவெளியில் பயிற்சி எடுப்பதும் சிமுலேட்டரில்தான், ஆனால் அது காக்பிட்டே ஆடி அசையும், டிஜிசிஏ அங்கீகரித்த பெரிய இயந்திரம். வீட்டு சிமுலேட்டரில் கை வலி தெரியாது, வயிறு கலங்காது, பின்னால் 140 பேரும் இல்லை.

கிடைப்பது வேறொன்று. எந்த விளக்குக்கு என்ன அர்த்தம், எதற்குப் பின் எதைச் செய்ய வேண்டும் என்ற ஒழுங்கு பழகும். அடுத்த முறை ஒரு விமானம் திருச்சி வானில் வட்டமடித்தால், அது தத்தளிக்கிறதா எரிபொருளைக் குறைக்கிறதா என்று வீட்டில் இருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்லவும் முடியும்.

ஓட்டிப் பார்க்க விரும்புபவர்கள் இப்படித் தொடங்கலாம். திருச்சியில் இருந்து ஷார்ஜாவுக்குத் தேவையான எரிபொருளோடு கிளம்பி, 7,000 அடியில் வைத்து, கோளாறுகள் பட்டியலில் பி ஹைட்ராலிக்கைத் தேர்வு செய்யுங்கள். சரிபார்ப்புப் பட்டியலை எடுத்து வரி வரியாக முடியுங்கள். எடை 66 டன்னுக்குக் கீழே வரும்வரை சுற்றுங்கள். பிறகு தஞ்சாவூருக்கு மேலே வந்து மேற்கே திரும்பினால் ஓடுபாதை 27 ஏறத்தாழ நேர்கோட்டில் இருக்கும். ஃபிளாப்பை மின்சாரத்தில் நீட்ட ஆகும் நேரத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் முறை ஓட்டுபவர்கள் பலர் அங்கேதான் தாமதமாகிறார்கள்.